குதிரை மாடு அன்று

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் அண்மைக்காலமாகக் குதிரைகள் மீண்டும் கண்ணில் படத் தொடங்கியிருக்கின்றன. மாப்பிள்ளை அழைப்புக்கும் சாரட்டு வண்டிக்கும் வாடகைக்கு விடுவதற்காகச் சிலர் வாங்குகிறார்கள், பந்தயத்துக்காகச் சிலர், சின்ன வயதிலிருந்தே மனத்தில் கிடந்த ஆசைக்காகச் சிலர். இவர்களில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்த வீட்டுப் பிள்ளைகள். வாயில்லா ஜீவன்மேல் பாசம் உள்ளவர்கள். இருந்தும் அவர்கள் கையில் குதிரை ஓராண்டுக்குள் விலா எலும்பு தெரிய இளைத்துப்போவதையும், ஒரே இரவில் வயிற்றுவலி கண்டு இறந்துபோவதையும் நான் பார்த்துவருகிறேன். பல ஆண்டுகளாக ஒரு பெட்டைக்குதிரையை வளர்த்துவருபவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: நம் பகுதிக் குதிரைகளுக்கு நேரும் கேடுகளில் பாதிக்கு மேல், மாட்டுக்கு நல்லதாக இருக்கும் பழக்கங்களை அப்படியே குதிரைக்கும் செய்வதால் வருகின்றன.

இது இன்று நேற்று வந்த சிக்கல் இல்லை. பாண்டிய நாட்டுக்குக் குதிரைகள் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்கினாலும் ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். வெந்த சோற்றையும் இறைச்சியையும் குதிரைக்குப் போடுகிறார்கள் என்பதும், லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்த ஆட்களை வணிகர்கள் வேண்டுமென்றே இங்கே வரவிடுவதில்லை என்பதும் அவர் சொல்லும் காரணங்கள். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். காரணங்களில் எனக்கு ஐயமே இல்லை. நமக்குப் பக்கத்திலிருக்கும் ஆவுடையார்கோயிலின் கதையே, குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொருளை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவிட்டதில்தான் தொடங்குகிறது. அவ்வளவு பொருள் கொட்டி வாங்கிய விலங்கைத்தான் சோறு போட்டுக் கொன்றிருக்கிறோம்.

வயிற்றிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் குதிரையின் எல்லா நன்மை தீமைகளும் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. மாட்டுக்கு நான்கு அறை கொண்ட இரைப்பை உண்டு. அவசரமாக மேய்ந்து நிரப்பிக்கொண்டு, நிழலில் படுத்து, நிதானமாக அசைபோடும். குதிரைக்கு இருப்பது ஒரே இரைப்பை; அதுவும் 8 முதல் 15 லிட்டர் கொள்ளும் சிறிய இரைப்பை. அதில் அமிலம் இரவும் பகலும் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்த அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே சுரக்கும். ஆகவே இயற்கையில் குதிரை ஒரு நாளில் 16 மணி நேரத்துக்கும் மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கிறது. காலையில் ஒரு கட்டு, மாலையில் ஒரு கட்டு என்று மாட்டுக்குப் போடுவதுபோல் போட்டு, இடையில் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு நிறுத்திவைத்தால் அதன் இரைப்பையில் புண் உண்டாகிறது. மேலும் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தவறாக உள்ளே போனது எதுவும் வாய் வழியாகத் திரும்பி வராது.

நார்த்தீவனம் குதிரையின் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு, அதாவது 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஐந்திலிருந்து ஏழு கிலோ வரை, உலர்ந்த கணக்கில் கிடைத்தாக வேண்டும். பச்சைப் புல்லில் முக்கால் பங்கு நீர் என்பதால் அதையே பச்சையாகக் கொடுப்பதானால் 20 முதல் 28 கிலோ வரை வேண்டியிருக்கும். நம் வறண்ட செம்மண்ணில் இது எளிய காரியம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எல்லோரும் வைக்கோலில் போய் நிற்கிறார்கள். நெல் வைக்கோல் மாட்டின் இரைப்பையில் நன்றாகச் செரிக்கிறது. குதிரைக்கு அதில் சத்தும் குறைவு, மணற்சத்தும் அதிகம். அதையே முழுத் தீவனமாகக் கொடுத்து, தண்ணீரும் குறைந்தால், பெருங்குடலில் கட்டிக்கொண்டு அடைத்துவிடும். வாய்க்கு வேலை கொடுக்க ஒரு பிடி இருக்கலாம்; அதற்கு மேல் நான் கொடுப்பதில்லை.

நம் ஊரணிக் கரைகளிலும் வரப்புகளிலும் தானாக வளரும் அருகம்புல் குதிரைக்கு மிக நல்லது. உலகின் வெப்ப நாடுகள் பலவற்றில் குதிரைக்கென்றே பயிரிட்டு, உலர்த்தி, கட்டுக்கட்டாக விற்கும் புல் அதே அருகம்புல்தான். மாட்டுக்காகப் பலரும் போட்டிருக்கும் கோ-4, கோ-5 வகைக் கம்பு நேப்பியர் புல்லை மட்டுமே நம்பினால் வேறு ஒரு சிக்கல் வருகிறது. அதிலும் கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் என்னும் பொருள் மிகுதி. அது சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு குதிரையின் உடம்பில் சேரவிடாமல் செய்கிறது. மாட்டின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடுவதால் மாடு தப்பிக்கிறது. குதிரையோ பற்றாக்குறையை ஈடுகட்டத் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்க, மாதக்கணக்கில் போனபின் முக எலும்பு இருபுறமும் வீங்கி, காரணம் புலப்படாத நொண்டல் தொடங்குகிறது. நேப்பியரைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் சுண்ணாம்புச்சத்து மிகுந்த குதிரை மசாலைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தாதுக்கலவையின் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தவிட்டை அள்ளிப் போடுவதும் இதே நோயில்தான் கொண்டுபோய்விடும், ஏனென்றால் தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்பு மிகக் குறைவு. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் மாவு ஆலைக்காரர்களின் குதிரைகளுக்குத்தான் இந்நோய் அதிகம் வந்தது என்பார்கள். அவர்களிடம் தவிடு மலிவாகக் கிடந்தது.

கொள்ளைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். கொள்ளு நல்ல தீவனம். நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் புரதம் உள்ளது. ஊறவைத்து வேகவைத்துக் கொடுப்பது பழைய வழக்கம் மட்டும் இல்லை. பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு, அது வேகும்போது அழிகிறது. ஆனால் கொள்ளோ ஓட்ஸோ எதுவானாலும் புல்லுக்கு மேல் சேர்ப்பது, உழைப்புக்குத் தக்கவாறு கொடுப்பது. சும்மா நிற்கும் குதிரைக்கு அது தேவையே இல்லை. ஒரு வேளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தானியம் போகக் கூடாது. மிகுதியாகப் போகும் மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பின்குடலுக்குப் போய்ப் புளித்து அமிலமாகி, அதன் விளைவு வயிற்றோடு நில்லாமல் குளம்புக்கே இறங்குகிறது: குளம்பின் உள்ளே எலும்பைத் தாங்கிப் பிடித்திருக்கும் மெல்லிய திசுக்கள் அழன்று, குதிரை முன்னங்காலை ஊன்ற முடியாமல் பின்னுக்குச் சாய்ந்து நிற்கும். கல்யாண வீடுகளில் பந்தி முடிந்ததும் மிஞ்சிய சோற்றையும் பொங்கலையும் தாம்பாளத்தில் கொண்டுவந்து குதிரைக்கு வைக்கும் அன்பான பெரியவர்களை நான் கைகூப்பித் தடுத்திருக்கிறேன். மார்க்கோ போலோ பார்த்த சோறும் இதுதான்.

பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர், "ஏண்ணே, மாடு திங்கிறதத்தானே இதுக்கும் போடுறேன், இது மட்டும் ஏன் இப்படி ஆவுது?" என்று வருத்தத்தோடு கேட்டார். அவர் போட்டது கடையில் வாங்கிய மாட்டுத்தீவனம். அவ்வகைத் தீவனங்கள் சிலவற்றில் யூரியா இருக்கும். கோழி, மாட்டுத்தீவனங்கள் சிலவற்றில் மோனென்சின் என்னும் மருந்து கலந்திருக்கும். பின்னது மாட்டைவிடக் குதிரைக்குப் பல மடங்கு நஞ்சு. சிறிய அளவே இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். மூட்டையில் குதிரைக்கு என்று எழுதியிருந்தாலன்றி அதைக் குதிரையின் முன் வைக்கக் கூடாது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் கடலைப் பிண்ணாக்கும் அப்படியே. மேய விடும் இடத்தையும் ஒரு முறை நடந்து பார்த்துவிட வேண்டும். வீட்டு வாசலிலும் சாலை நடுவிலும் பூத்துக் குலுங்கும் அரளியின் இலைகள் ஒரு கைப்பிடி போதும், குதிரையின் உயிர் போய்விடும்; வெட்டிப் போட்டுக் காய்ந்த தழையிலும் நஞ்சு குறையாது. சவுண்டல் தழையைத் தொடர்ந்து தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிர்ந்து, குளம்பும் கெடும். சீமைக்கருவேலங்காய் இனிப்பாக இருப்பதால் குதிரை விரும்பித் தின்னும். அளவு மீறினால் குடல் அடைப்பு.

தண்ணீர் நிழலில், சுத்தமான தொட்டியில், எந்நேரமும் இருக்க வேண்டும். சாதாரண நாளில் 25 லிட்டரிலிருந்து, சித்திரை வைகாசியில் 40 லிட்டருக்கு மேலும் குடிக்கும். மனிதனைப்போலக் குதிரையும் உடம்பெல்லாம் வியர்க்கும் விலங்கு. அந்த வியர்வையில் உப்பு மிகுதி என்பதால் நாளுக்கு 25 முதல் 30 கிராம் வரை சாதாரண உப்பாவது தீவனத்தில் சேர வேண்டும். வேலை செய்து சூடாக நிற்கும் குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது, உடம்பில் ஊற்றவும் கூடாது என்று நம்மவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் போட்டி கடுமையான வெயிலில் நடக்கவிருந்ததை முன்னிட்டு நடந்த ஆய்வுகள், குளிர்ந்த நீரை உடம்பு முழுவதும் விடாமல் ஊற்றுவதே குதிரையை விரைவாகவும் கேடின்றியும் குளிர்விக்கும் வழி என்று காட்டிவிட்டன. குடிக்கவும் தாராளமாகக் கொடுக்கலாம். நம் வெயிலில் அஞ்ச வேண்டியது வேறொன்று: சில குதிரைகளுக்கு வெப்பமும் புழுக்கமும் நீடிக்கும் காலத்தில் வியர்வை சுரப்பதே நின்றுவிடும். மற்றவை நனைந்து நிற்கும்போது ஒன்று மட்டும் காய்ந்த தோலோடு, மூக்கு விரிந்து இரைத்துக்கொண்டிருந்தால், வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். கொட்டகைக்குத் தகரக் கூரை வேண்டாம். எங்கள் ஐயா காலத்து வண்டிக்கொட்டகை நாட்டு ஓடு வேய்ந்து, இருபுறமும் திறந்து இருப்பதால் நடுப்பகலிலும் உள்ளே நிற்க முடிகிறது. அது இல்லாதவர்களுக்குத் தென்னங்கீற்றே போதும்.

நலமாக இருக்கும்போதே குதிரையின் அளவுகளைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஓய்வாக நிற்கும்போது நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் 99 முதல் 101 டிகிரி பாரன்ஹீட். தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்தால் நாடி தெரியும். விலாவுக்குப் பின்னால் காதை வைத்துக் கேட்டால் குடல் இருபுறமும் குமுறிக்கொண்டிருக்கும். அந்த ஓசை அடங்கிப்போவது ஆபத்தின் அறிகுறி. வயிற்றுவலி வந்த குதிரை முன்காலால் தரையைப் பறிக்கும், திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கும், மேல் உதட்டைச் சுருட்டும், படுத்துப் படுத்து எழும், லத்தி போடுவது நிற்கும். உடனே தீவனத்தை எடுத்துவிட்டு மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்; அவர் வரும்வரை, உருண்டு புரள முயன்றால் மெல்ல நடத்திக்கொண்டிருக்கலாம். மாட்டுக்குச் செய்வதுபோல் மூங்கில் குழாயில் எண்ணெயையோ கஷாயத்தையோ வாயில் புகட்டுவதை மட்டும் செய்யவே கூடாது. அது நுரையீரலுக்குள் போனால் வயிற்றுவலியில் பிழைக்க வேண்டிய குதிரை நிமோனியாவில் சாகும். மருத்துவர் மூக்கு வழியாகக் குழாயை இரைப்பை வரை செலுத்தி, நிறைந்திருப்பதை வெளியேற்றி, பிறகுதான் மருந்தை உள்ளே விடுவார். வாந்தி எடுக்க முடியாத விலங்குக்கு அந்தக் குழாய்தான் உயிர்.

இனி குளம்பு. நம் பகுதி மண் செம்மண் மட்டும் இல்லை, நிறையச் சரளை கலந்தது. மாலையில் குதிரை வந்து நின்றதும் நான் செய்யும் முதல் வேலை குளம்பு பார்ப்பதுதான். தோளிலிருந்து கையை மெல்ல வழித்துக் கொண்டுபோய்க் கணுக்கால் அருகே லேசாக அழுத்தினால், அது உடம்பின் பாரத்தை மறுகாலுக்கு மாற்றிக்கொண்டு, தானே காலைத் தூக்கிக் கொடுக்கும். குளம்பின் அடியில், பின்புறமிருந்து நடுவை நோக்கி ஆப்பு வடிவில் நீளும் மெத்தென்ற பகுதிக்கு இருபுறமும் பள்ளம் இருக்கிறது. சாணமும் சேறும் அங்கேதான் இறுகிக் கிடக்கும். முனை மழுங்கிய கொக்கியால் குதிகாலிலிருந்து நுனியை நோக்கி எடுத்தால், அந்தப் பள்ளத்திலிருந்து கொண்டைக்கடலை அளவு சரளைக்கல் ஒன்று எப்படியும் விழும். அதை அப்படியே விட்டு மறுநாள் தார்ச்சாலையில் நடத்தினால் உள்ளங்குளம்பு கன்றிச் சீழ் வைத்துவிடும். மூக்கையும் பயன்படுத்த வேண்டும்: நலமான குளம்பில் மண் வாடைதான் இருக்கும். அழுகல் நாற்றமும் கறுத்த கசிவும் கண்டால், ஈரத்திலும் மூத்திரத்திலும் நின்றதன் விளைவு அது. சுத்தம் செய்து, காய்ந்த தரையில் நிறுத்தி, அயோடின் தடவினால் தொடக்கத்திலேயே அடங்கிவிடும்.

குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை சீவி ஒழுங்கு செய்யாவிட்டால் நுனி நீண்டு, நடை கெட்டு, காலின் பின்புறத் தசைநாண்கள் இழுபடும். மாட்டுக்கு லாடம் அடிப்பவரையே குதிரைக்கும் அழைத்துவருவதை நான் ஏற்பதில்லை, அவர் தம் தொழிலில் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் சரி. மாட்டின் பிளந்த குளம்புக்கு இரண்டு துண்டு லாடம். குதிரையின் ஒற்றைக் குளம்புக்கு வளைந்த ஒரே லாடம். ஆணி வெளிச்சுவரில் மட்டுமே இறங்க வேண்டும். சுவரும் அடிப்பகுதியும் சேரும் இடத்தில் தெரியும் வெளிறிய கோட்டைத் தாண்டி உள்ளே போனால் உயிருள்ள சதை. அந்த வேலையைக் கைப்பழக்கத்தால் கற்றவர் தொலைவில் இருந்தாலும், பயணச்செலவு கொடுத்து அழைத்துவரத் தயங்கக் கூடாது.

ஆணிக்காயம் என்றதும் ரணஜன்னி (டெட்டனஸ்) நினைவுக்கு வர வேண்டும். வீட்டு விலங்குகளில் அந்நோய்க்கு மிக எளிதில் ஆட்படுவது குதிரை. ஆண்டுக்கு ஒரு முறை தடுப்பூசி போட்டுவிட்டால் அந்தக் கவலை இல்லை. தெருநாய்கள் மிகுந்த நம் ஊர்களில் வெறிநோய்த் தடுப்பூசியும் அப்படியே. மழைக்காலத்தில் கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் சர்ரா என்னும் நோயில் காய்ச்சல் விட்டு விட்டு வரும், வயிற்றடியும் கால்களும் வீங்கும், உடல் மெலியும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு. பற்களை ஆண்டுக்கு ஒரு முறை காட்ட வேண்டும், ஏனென்றால் குதிரையின் பல் தேயத் தேய மேலேறிக்கொண்டே இருப்பதால் ஓரங்கள் கத்திபோல் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். பாதி மென்ற புல்லை உருண்டையாகத் துப்பும் குதிரைக்குப் பசி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு வாய் வலிக்கிறது.

அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையிலோ வேறெங்கோ குதிரை வாங்கப் போகிறவர்கள், கிளாண்டர்ஸ் நோய் இல்லை என்று காட்டும் இரத்தப் பரிசோதனைச் சான்றைக் கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. அது மனிதருக்கும் தொற்றும் நோய். உறுதியானால் அரசு அந்தக் குதிரையைக் கொல்ல வேண்டியிருக்கும். அரியானாவின் ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இத்தகைய நோய்களுக்கென்றே பரிசோதனை செய்கிறது. உள்ளூர்க் கால்நடை மருத்துவர் வழியாக மாதிரி அனுப்பலாம். ஒற்றைக் குதிரை வாங்குவதைப் பற்றியும் ஒரு முறைக்கு இரு முறை யோசிக்க வேண்டும். அது மந்தை விலங்கு. தனியே கட்டிவைத்தால் மரத்தைக் கடிக்கும், நின்ற இடத்திலேயே பக்கத்துக்குப் பக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். இன்னொரு குதிரைக்கு வழியில்லை என்றால் ஓர் ஆடாவது கூட இருக்கட்டும். நின்றபடியே உறங்கும் என்பது பாதிதான் உண்மை. ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும், படுப்பதற்குக் கயிறு நீளமாகவும் தரை காய்ந்தும் மனத்துக்கு அச்சமின்றியும் இருக்க வேண்டும். கொட்டகையில் அவிழ்த்தே விடுவது எல்லாவற்றிலும் நல்லது.

கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுபவர்களுக்கும் எடுப்பவர்களுக்கும் சில சொற்கள். இழுவை, பொதி விலங்குகளுக்கான கொடுமைத் தடுப்பு விதிகள் 1965ஆம் ஆண்டிலிருந்தே நடைமுறையில் உள்ளன. ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலையே கூடாது. கோடைக் கல்யாணங்களில் நம் ஊர் வெயில் இந்த அளவைப் பல நாள் தாண்டிவிடும் என்பதால், சாரட்டு ஊர்வலத்தைக் காலையிலோ வெயில் தாழ்ந்தோ வைத்துக்கொள்ள வேண்டும். வெடியையும் அதிர்வேட்டையும் குதிரை நிற்கும் பக்கம் வைக்க வேண்டாம். வழவழப்பான ஆத்தங்குடித் தரையில் ஏற்றிப் படம் எடுக்கவும் வேண்டாம். லாடம் வழுக்கி விழுந்த குதிரையின் கால் முறிந்தால் அதற்கு வைத்தியம் அரிது.

வாடகை பேசும்போதே குதிரையின் வாயோரத்தைப் பார்த்துவிடுங்கள். புண்ணோ பழைய தழும்போ இருந்தால், கடிவாளத்தை வாங்கி அதன் வாய்க்கம்பியைக் கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள். நாட்டியக் குதிரை என்று கொண்டுவரப்படும் சிலவற்றின் வாயில் முள் வைத்த கம்பி இருக்கும், அந்த வலியில்தான் அது கால் மாற்றிக் குதிக்கிறது. முள் கம்பி அதே 1965 விதிகளில் தடைசெய்யப்பட்டது. அதை மாற்றி வழவழப்பான கம்பி பூட்டினால்தான் முன்பணம் என்று சொல்லுங்கள். மாற்ற மறுத்தால் அந்தக் குதிரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காவல் நிலையத்திலும் கால்நடைத் துறையிலும் எழுத்தில் தெரிவியுங்கள்.